நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

இரவு எட்டரை மணி ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் யாராவது ஒருவர் சாகக் கிடப்பார். போன வாரம் தொடரின் மூத்த மருமகள். நெற்றியில் வெள்ளைக் கட்டு, கட்டின் நடுவில் அளவெடுத்து வைத்தாற்போல ஒரு சிவப்பு வட்டம். கண்மை கலையவில்லை, தலையில் வைத்த பூ கசங்கவில்லை. மூக்கை மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை அவளே ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொத்துப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று இரண்டு நிமிடம் பேசினாள். பேசி முடித்ததும் மானிட்டரில் கோடு நேரானது. நீளமாக ஒரு கூவல். டாக்டர் ஓடி வந்து, இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று பரபரவென்று தேய்த்து நெஞ்சில் வைத்தார். உடம்பு கட்டிலைவிட்டு ஒரு முழம் எழும்பி விழுந்தது. இரண்டாம் தடவையும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை, விளம்பரம் முடிந்து வந்தபிறகு, கோடு மேலும் கீழும் ஓட ஆரம்பித்தது.

"நான் சொல்லலை, பொழச்சுக்குவான்னு?" என்றார் அத்தை.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் 17 வருடமாக அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அதில் 9 வருடம் கேஷுவாலிட்டியில். தொடர் ஓடும்போது நான் குறுக்கே பேசக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நேர்கோடா இருந்தா ஷாக் குடுக்க மாட்டாங்க அத்தை."

"உங்க ஆஸ்பத்திரியில குடுக்க மாட்டீங்க" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

சிரித்துவிட்டேன். ஆனால் ஏறக்குறைய அதே வார்த்தையை, சிரிக்க முடியாத ஓர் இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்து நைட் டியூட்டி. மணி 2.15. ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கைலி, பனியன். கூட மகன், இருபத்தைந்தைத் தாண்டாத பையன், காலில் செருப்புகூட இல்லை. கழுத்தில் நாடி இல்லை, மூச்சு இல்லை, கண்மணி இரண்டும் விரிந்திருந்தன. ட்ராலியில் போட்டதும் நான் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன். டியூட்டி டாக்டர் தலைமாட்டுக்குப் போய் டியூப் போட்டார். ஈசிஜி வயர்களை ஒட்டினோம். நேர்கோடு. அட்ரினலின் போட்டு அமுக்கினோம், ஆள் மாற்றி அமுக்கினோம், மறுபடி அட்ரினலின். கோடு அசையவே இல்லை.

தொடரில் வருகிற மாதிரி எங்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும் கதவெல்லாம் கிடையாது. ஒரு பச்சைத் துணி மறைப்பு, அவ்வளவுதான். அந்தப் பையன் மறைப்புக்கு இந்தப் பக்கமே நின்றான். அவன் கண் என் தோளுக்குப் பின்னால் இருந்த டிஃபிப்ரிலேட்டர் மெஷின் மேலேயே இருந்தது. "சிஸ்டர், அதுதான் இருக்கே, ஷாக் குடுங்க சிஸ்டர்" என்றான். டாக்டர் ஏதோ சொன்னார், அவன் காதில் விழவில்லை. ஒரு நிமிடம் கழித்து மறுபடி, "ஒரே ஒரு தடவை குடுத்துப் பாருங்க."

2.50க்கு நிறுத்தினோம்.

கத்தியிருந்தால், கண்ணாடியை உடைத்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். கேஷுவாலிட்டியில் அதெல்லாம் பழகிப்போனது. அவன் கத்தவில்லை. சுவரோரம் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டான்: "மெஷின் இருந்தும் குடுக்கலை. காசு கட்டுற ஆஸ்பத்திரின்னா குடுத்திருப்பாங்கள்ல?"

அப்பாவைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது, அதை நாங்கள் செய்யாமல் விட்டோம் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையோடுதான் உடலை வாங்கிப் போனான். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அது தினமும் எட்டரைக்கு ஓடுகிறது.

விஷயம் இதுதான். ஷாக் என்பது நின்றுபோன இதயத்தை ஓட வைப்பது இல்லை. பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது போல ஒரு படம் நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. நிஜத்தில் ஷாக் இதயத்தை நிறுத்துகிறது. மாரடைப்பில் திடீரென்று சாய்கிறவர்களில் பலருக்கு முதலில் வருவது வி.எஃப். என்று நாங்கள் சொல்லும் நிலை, வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். இதயத் தசையின் ஒவ்வொரு இழையும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். வாத்தியார் இல்லாத வகுப்பு மாதிரி ஒரே இரைச்சல், வேலை ஒன்றும் நடக்காது. ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே போகாது. ஷாக் என்பது அப்போது வந்து மேசையில் பிரம்பால் தட்டும் தலைமையாசிரியர். ஒரு நொடி மொத்த வகுப்பும் அடங்குகிறது. அந்த அமைதியில் இதயத்தின் இயல்பான தாளக்காரன், வலது மேலறையில் இருக்கும் சின்னஞ்சிறு முடிச்சு, மறுபடி தாளத்தைப் பிடித்துக்கொண்டால் ஆள் பிழைத்தார். நேர்கோடு என்றால் வகுப்பில் யாருமே இல்லை. காலி வகுப்பில் போய் மேசையைத் தட்டி என்ன பயன்? அங்கே அமுக்குவதும் அட்ரினலினும்தான், இதயம் நின்ற காரணத்தைத் தேடுவதும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வார்டில் நேர்கோடு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது வயரை. ஒரு டியூட்டியில் மூன்று நான்கு தடவை எங்கள் மானிட்டர்களில் நேர்கோடு ஓடும். பெரும்பாலும் நோயாளி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பாத்ரூம் போயிருப்பார்.

தொடர் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்டால், தெரியும், அல்லது சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். என் பெரியம்மா மகன் ஒருவன் தொடர்களில் உதவி இயக்குநர். ஒரு ஆஸ்பத்திரிக் காட்சிக்கு "சும்மா வந்து பாத்துட்டுப் போக்கா" என்று கூப்பிட்டான். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய பங்களா. காலையில் அதன் மாடியில் கோர்ட், மதியம் கீழே ஐ.சி.யூ. ஆர்வமாகத்தான் போனேன். ஈசிஜி ஸ்டிக்கர்களை இடம் பார்த்து ஒட்டினேன், ட்ரிப்ஸ் பாட்டிலைச் சரியான உயரத்துக்கு ஏற்றினேன். பிறகு இயக்குநரிடம், கோட்டை நேராக்காதீர்கள், கோணல்மாணலாக ஆடுகிற மாதிரி வையுங்கள், அதற்குத்தான் ஷாக் என்றேன். என் போனில் ஒரு வி.எஃப். வீடியோவும் காட்டினேன்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். ஆனா இந்தக் கோடு ஆடுதே. ஆடினா உயிர் இருக்குன்னுதானே வீட்ல பாக்கறவங்க நினைப்பாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். வி.எஃப். இருக்கிறவரின் உடம்பு செத்த மாதிரி கிடக்கும், கோடு மட்டும் துள்ளும். நேர்கோடு என்றால் சாவு என்பது படிக்காதவருக்கும் புரிகிற எழுத்து. டிவிக்கு வேண்டியது அந்த எழுத்து. அதை மாற்றினால் அத்தைக்குப் புரியாது. அத்தைக்குப் புரியாவிட்டால் தொடர் ஓடாது.

அடுத்தது கை. டாக்டராக நடித்த தம்பி முழங்கையை மடக்கி, மாவு பிசைகிற மாதிரி நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தார். கையை நேராக்குங்கள், தோளிலிருந்து உடம்பு எடையை இறக்குங்கள் என்றேன். கட்டிலில் பிணமாகக் கிடந்த பெண் படக்கென்று கண்ணைத் திறந்து, "அக்கா, வலிக்கும்க்கா, மெதுவாவே பண்ணச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதும் நியாயம். துடிக்கிற இதயத்தின் மேல் நிஜமாக அமுக்கினால் அவளுக்குத்தான் எலும்பு முறியும். உயிருள்ள நடிகர் மேல் அமுக்குகிற வரைக்கும் எந்த நாட்டுத் தொடரிலும் நெஞ்சமுக்கம் பொய்யாகத்தான் இருக்க முடியும். மதியம் பிரியாணி போட்டார்கள். பெயர்ப் பட்டியலில் நன்றி என்று என் பெயரும் வந்தது, தவறான இனிஷியலோடு. கோடு நேராகத்தான் இருந்தது.

நிஜத்தில் எப்படி இருக்கும்? பெரியவருக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், 6ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக எழும்பி வர விட வேண்டும். வயதானவர் என்றால் முதல் நிமிடத்திலேயே உள்ளங்கைக்குக் கீழ் விலா எலும்பு, காய்ந்த சுள்ளி மாதிரி, ஒடிவது தெரியும். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் கையை எடுத்துவிட்டேன். அப்போதைய சீனியர் சிஸ்டர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "எலும்பு கூடிக்கும்டி, அமுக்கு" என்றார். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும், அதற்கு மேல் எந்தப் பயில்வானுக்கும் ஆழம் குறைந்துவிடும். வியர்வை கண்ணில் இறங்கும். அழகான காட்சி இல்லை. கேமராவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

இந்த அமுக்கலைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வில்லியம் கௌவன்ஹோவன் டாக்டரே இல்லை, எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர். மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் கரண்ட் அடித்துச் சாவதைப் பார்த்து, மின்சாரக் கம்பெனிகளின் பணத்தில் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. 1950களின் கடைசியில், நாயின் நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கட்டைகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாய்வதற்கு முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் கவனித்தார். கட்டையின் கனம்தான், வேறொன்றும் இல்லை. அப்படியானால் மெஷின் எதற்கு, வெறும் கையால் அமுக்கினாலே ரத்தம் ஓடுமே? அதுவரை நின்ற இதயத்தை ஓட்ட, நெஞ்சைக் கீறித் திறந்து கையால் பிடித்துப் பிசைய வேண்டியிருந்தது. 1960 ஜூலையில், அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடையும் சேர்த்து மூன்று பேரும் கட்டுரை எழுதினார்கள். யாரும், எங்கேயும் செய்யலாம், இரண்டு கை இருந்தால் போதும் என்று அதில் சொன்னார்கள்.

ஷாக் கட்டையிலிருந்து பிறந்ததுதான் கை. டிவி அதைத் தலைகீழாகத் திருப்பி, கையை விட்டுவிட்டுக் கட்டையை வைத்துக்கொண்டது.

அந்தக் கட்டுரையில் 20 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் 14 பேர் பிழைத்தார்கள், நூற்றுக்கு 70. மருத்துவமனைக்குள், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றவர்கள் என்பதால் அவ்வளவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1996இல் சூசன் டீம், ஜான் லாண்டோஸ், ஜேம்ஸ் டல்ஸ்கி என்ற மூவர் 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய அமெரிக்கத் தொடர்களின் 97 பகுதிகளை உட்கார்ந்து பார்த்து எண்ணினார்கள். இப்படி நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் சி.பி.ஆர். 60 தடவை வந்தது. உடனே பிழைத்தவர்கள் நூற்றுக்கு 75, வீட்டுக்குப் போனவர்கள் 67. டிவி அந்த 1960ஆம் வருடத்துச் சந்தோஷத்திலேயே நின்றுவிட்டது என்று தோன்றும். வெளியுலகத்தில், எல்லா வசதியும் இருக்கிற அமெரிக்காவிலேயே, வீட்டிலோ தெருவிலோ இதயம் நின்றவர்களில் சுமாராகப் பத்தில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். டிவியில் இதயம் நின்றவர்களில் 65 சதவீதம் பேர் குழந்தைகள், இளைஞர்கள் என்றும் அந்த மூவர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ட்ராலிக்கு வருகிறவர்களுக்கு அந்த வயது இல்லை.

'ஈ.ஆர்.' சும்மா யாரோ எடுத்த தொடரும் அல்ல. அதை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். அவர்கள் கதையே அப்படி என்றால் நம் ஊர்த் தொடரை மட்டும் குறை சொல்வானேன்.

கோமாவையும் விடவில்லை. 2005இல் டேவிட் கேசரெட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் கோமாவுக்குப் போன 64 பாத்திரங்களைத் தேடிப் பிடித்தார்கள். 57 பேர் முழுசாகக் குணமானார்கள். கண் விழித்த அன்றைக்கே பெரும்பாலோர் குறை எதுவும் இல்லாமல் பேசி நடந்தார்கள். நம் தொடர்களையும் இப்படி யாராவது எண்ணலாம். அங்கே கோமாவிலிருந்து எழுந்தவருக்கு இருக்கிற ஒரே குறை, தன்னைத் தள்ளிவிட்டது யார் என்று ஞாபகம் வராதது. நிஜத்தில் மூன்று மாதம் படுத்தவருக்குக் கை கால் சூம்பும், படுக்கைப்புண் வரும், தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருப்போம். முதலில் அசைவது உதடு இல்லை, பெரும்பாலும் கண். நாடியைப் பிடித்தவுடன் "நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த நாடியை அத்தையிடமிருந்து பிடுங்க என்னால் ஆகாது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. டாக்டர் வருவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? தொடரில் அவர்களுக்கு இரண்டே வேஷம்தான். ஒன்று, அழுவது, தலையை மடியில் வைத்து, கன்னத்தைத் தட்டி, "ஏங்க, கண்ணத் தொறந்து பாருங்க" என்பது. இல்லையென்றால் வீரம் காட்டுவது. இரண்டுக்கும் நடுவில், சலிப்பூட்டுகிற, எண்ணி எண்ணிச் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் நடித்துக் காட்டுவதே இல்லை.

வலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மதியம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காலேஜ் பையனுக்கு வலிப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் கையில் மூன்று சாவிக்கொத்து இருந்தது. ஒருவர் அரிவாளுக்கு ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு பேர் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பழக்கடைக்காரர் ஒரு கரண்டியோடு நின்றார், வாயில் வைக்க. எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட ஓடிப் போகவில்லை. ஆனால் பையன் மல்லாக்கக் கிடந்தான், எச்சில் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழ் அவன் பையையே வைத்து, பக்கத்தில் இருந்த இரும்புப் பெஞ்சை நகர்த்தினேன். வாட்ச்சைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு நிமிடத்தில் நின்றது. "சாவி வேலை செஞ்சிருச்சு" என்றார் ஒருவர்.

பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைக் கொடுத்தாலும் நிற்கும், வெண்டைக்காயைக் கொடுத்தாலும் நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுகிற கதை. 5 நிமிடத்தைத் தாண்டினால்தான் ஆபத்து, அப்போது சாவி அல்ல, மருந்து வேண்டும். இதில் நாம் மட்டும் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் 2010இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவத் தொடர்களின் 327 பகுதிகளை ஆராய்ந்தார்கள். 59 தடவை வலிப்பு வந்தது, பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே. ஏறக்குறையப் பாதியில் டாக்டர், நர்ஸ் வேஷக்காரர்களே நோயாளியை அமுக்கிப் பிடித்தார்கள், அல்லது வாயில் எதையோ திணித்தார்கள். அங்கே சாவிக்கொத்து இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வீரத்துக்கு உதாரணம் பாம்புக்கடி. கதாநாயகியின் காலில் இரண்டு புள்ளி. கதாநாயகன் சேலை ஓரத்தைக் கிழித்து இறுகக் கட்டி, கத்தியால் கீறி, வாயால் உறிஞ்சித் துப்புகிறான். அப்போதுதான் காதல் வர வேண்டும், வருகிறது. எங்கள் பக்கத்தில் வயல்காட்டிலிருந்து வருகிறவர்களில் கட்டுப் போடாமல் வருகிறவர் குறைவு. சிலருக்குக் கட்டுக்குக் கீழ் கால் கறுத்திருக்கும். உறிஞ்சினால் விஷம் வராது, அது அதற்குள் உள்ளே போய்விட்டிருக்கும். கீறுவது அதைவிடக் கேடு. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறைய விடாது. உறையாத ரத்தத்துக்கு வாசல் திறந்துவிட்டால் யார் அடைப்பது? செய்ய வேண்டியது, கடிபட்ட காலை அசைக்காமல் கட்டைவைத்துத் தாங்கி, நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது. அவ்வளவுதான். இதில் காதல் வராது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்கிற முதல் பரிசோதனை எது தெரியுமா? 2 மில்லி ரத்தத்தை ஒரு சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைப்பது. பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்தை ஏற்று. எந்த மெஷினும் இல்லை. அந்த 20 நிமிடமும் கடிபட்டவரின் மனைவி என் முகத்தைப் பார்ப்பார், நான் குழாயைப் பார்ப்பேன். இடையிடையே அவருடைய கணவரின் இமை தொங்குகிறதா என்று பார்ப்பேன். தொங்கினால் பெரும்பாலும் நல்ல பாம்பு அல்லது கட்டுவிரியன். நான் பார்த்த எந்தத் தொடரிலும் இந்த இருபது நிமிடம் கிடையாது. இத்தனைக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அந்த மருந்தைச் செய்யத் தேவையான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருவதில் பெரும் பங்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. 1978இல் தொடங்கியது. கதை வேண்டும் என்றால் அங்கே போய் உட்கார்ந்தால் போதும், பத்து வருடத்துக்கு ஓட்டலாம்.

சரியாக எடுக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2025இல் வந்த 'தி பிட்' என்ற அமெரிக்கத் தொடரை என் நாத்தனார் மகள் போட்டுக் காட்டினாள். முதல் சீசனில் ஒரே ஷிஃப்ட், 15 மணி நேரம், 15 பகுதி. கூட்டம், காத்திருப்பு, கத்தல், நர்ஸுகளின் கால்வலி எல்லாம் இருந்தது. இரண்டு பகுதி பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து டியூட்டி பார்ப்பதா? அத்தை அரைப் பகுதியிலேயே, "இதுல கதையே இல்லையே" என்றார். அந்த இயக்குநரை நினைத்துக்கொண்டேன்.

அந்த மூத்த மருமகள் பிழைத்த வாரம், விளம்பர இடைவேளையில் அத்தையைத் தரையில் உட்கார வைத்தேன். பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்துப் போட்டு, நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னேன். முழங்கையை மடக்காதீங்க, எண்ணிக்கிட்டே அமுக்குங்க. "எனக்கு எதுக்குடி இது, எழுபது வயசுல?" என்றார். வீட்டில் மாமாவும் அவரும்தான் பகல் முழுக்க இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், திரும்பி ஈசிச்சேரில் தூங்கிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். பிறகு அமுக்க ஆரம்பித்தார். நாற்பதில் மூச்சு வாங்கியது. "எவ்வளவு நேரம்?" என்றார். "108 வர்ற வரைக்கும்." "அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்." "அதான் ஆள் மாத்தணும், பக்கத்து வீட்டுல கத்திக் கூப்பிடணும்." வாயில் ஊத வேண்டாமா என்று கேட்டார். தெரியாவிட்டால் வேண்டாம், பெரியவங்களுக்கு அமுக்கினாலே போதும் என்றேன். தொடர் ஆரம்பித்துவிட்டது. அவர் எழுபத்தெட்டு வரை எண்ணிவிட்டுத்தான் எழுந்தார்.

அமுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைந்துகொண்டே போகிறது. பத்து நிமிடக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். வி.எஃப். கூட அமுக்கல் இல்லாமல் அப்படியே விட்டால் ஆட்டம் தளர்ந்து தளர்ந்து, கடைசியில் நேர்கோடாகத்தான் போய் நிற்கும். ஷாக் கேட்கிற கோடு முதல் நிமிடங்களில் வீட்டில் ஓடியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அது போயிருக்கும்.

அந்த ஆடி மாதத்துப் பையன் மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு சான்றிதழுக்காக வந்தான். காரியம் முடிந்து, மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான். கோபம் இல்லை. அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டான். அவனாகவே சொன்னான்: 1.45க்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார், வியர்க்கிறது என்றார், அப்படியே சாய்ந்தார். அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். இவன் உள்ளங்காலைத் தேய்த்தான். தங்கச்சி விசிறினாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பி, அவர் சாவியைத் தேடி எடுத்து வர, நேரமாகிவிட்டது. ஆட்டோவில் அப்பாவின் தலை இவன் மடியில்தான் இருந்தது.

"நீங்க ஷாக் குடுத்திருந்தாலும் வேலை செஞ்சிருக்காதாமே, ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான்" என்றான்.

"ஆமா தம்பி. அந்தக் கோட்டுக்கு வேலை செய்யாது."

கொஞ்ச நேரம் சும்மா நின்றான். கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான், பிரித்தான்.

"அப்ப என்ன செஞ்சிருந்தா பொழச்சிருப்பார் சிஸ்டர்?"

இன்ஜெக்‌ஷன் ட்ரேயைக் கீழே வைத்தேன். அந்தப் பதில் எனக்குத் தெரியும். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அவனுடைய இரண்டு கையையும் பார்த்தேன்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.